பிலோமினா அக்கா செய்த நாற்காலி

பிலோமினா அக்கா போய்விட்டார். காலையில் தூத்துக்குடியிலிருந்து அவர் மகள் ஃபோன் செய்து சொன்னாள்.

ஃபோனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்... காபி ஆறிப்போய்விட்டது.

என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்டில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில், டெல்லி மோதி பாக் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு எதிர் வீடு. ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் வராந்தாவில் ரம்பமும் கையுமாக நிற்பார்.

யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தரியாகஞ்ச் பிளாட்பாரக் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த ஒரு இங்கிலீஷ் புத்தகம்தான். வீட்டு மர வேலைகளை நீங்களே செய்துகொள்ளலாம் என்று படம் போட்டு விளக்கும் புத்தகம். மரம்? ஆபீஸுக்கு மெஷின் வந்து இறங்கிய பாக்கிங் பெட்டிப் பலகை.

டெல்லியில் தச்சரை மிஸ்திரி என்பார்கள். காலனியில் எல்லோரும் 'மிஸ்திரி அக்கா' என்று கிண்டல் செய்வோம். கிண்டலில் முதல் ஆள் நான்தான்.

முதல் அலமாரியை மே மாதத்து வெயிலில் செய்தார். கதவு அவ்வளவு கச்சிதம், நூல்கூட நுழையாது. ஆகஸ்ட் மழையில் மரம் ஊறிப்போய்க் கதவு திறக்கவே இல்லை. உள்ளே துரை அண்ணனின் பேன்ட் எல்லாம் மாட்டிக்கொண்டது.

துரை அண்ணன் அவர் கணவர். பலகையை அசையாமல் பிடித்துக்கொள்வது அவருடைய டிபார்ட்மென்ட். அன்று என் பேன்ட்டைப் போட்டுக்கொண்டுதான் ஆபீஸ் போனார்... அவர் உயரத்துக்கு அது கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நின்றது.

"அந்தப் புஸ்தகம் எழுதுன வெள்ளைக்காரனுக்கு டெல்லி மழையப் பத்தி என்ன தெரியும்?" என்று சிரித்தார் அக்கா. கதவைக் கழற்றி ஓரத்தை இழைத்தார். அதற்கப்புறம் எந்தக் கதவு செய்தாலும் தீப்பெட்டி அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி விடுவார்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அடுத்த குளிர்காலத்தில், மூடுபனியில் என் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது கால் தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு.

குவார்ட்டர்ஸில் இருந்தது குந்தி உட்காரும் லெட்ரின். காலை மடக்க முடியாது. பெட்பேன் வைத்தால் என் மனைவி வசந்திதான் எடுத்துக் கொட்ட வேண்டும். கல்யாணமாகி எட்டு மாதம்... என்னால் முடியவில்லை.

அதனால் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டேன். தண்ணீர்கூட ஒரு மிடறு, இரண்டு மிடறு. பசிக்கவில்லை, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரிடமும் பொய். நாலாவது நாள் உட்கார்ந்தாலே தலை சுற்றியது. வசந்தி அழுதுவிட்டாள்.

அன்று சனிக்கிழமை. அக்கா கஞ்சியோடு வந்தார். வேண்டாம் என்றேன்.

"பசிக்கலன்னு சொல்லுத... நாக்கு வறண்டுல்லா கெடக்கு," என்றார். நீட்டியிருந்த என் மாவுக்கட்டுக் காலைப் பார்த்தார். பிறகு நேரே லெட்ரினுக்குள் போனார்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கழுவுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். மானமே போய்விட்டது எனக்கு.

மறுநாள் பூராவும் எதிர் வராந்தாவில் ரம்பச் சத்தம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா, "க்யா பனா ரஹீ ஹோ, பஹன்ஜி?" என்று, என்ன செய்கிறார் என விசாரித்தது என் கட்டில் வரை கேட்டது. பூத்தொட்டி ஸ்டாண்ட் என்று ஹிந்தியில் பதில் சொன்னார் அக்கா.

சாயங்காலம் அக்காவும் துரை அண்ணனும் பெட்ஷீட்டால் மூடி எதையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஹாலில் இறக்கி வைத்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் பெட்ஷீட்டை எடுத்தார் அக்கா.

நாற்காலி. நடுவில் வட்டமாக வெட்டிய ஓட்டை. ஊன்றி எழ இரண்டு பக்கமும் கைப்பிடி. மாவுக்கட்டுக் காலை நீட்டி வைக்க முன்னால் ஒரு பலகை.

ஆனால் தொட்டதும் அது தடதடவென்று ஆடியது. அந்த நிலைமையிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன மிஸ்திரி அக்கா, ஆடுதே?"

"இங்கன வச்சா ஆடத்தான் செய்யும். இது ஹால்ல போடவா செஞ்சேன்?"

லெட்ரினுக்குள் கொண்டுபோய்க் குழிக்கு மேல் வைத்தார்கள். துரை அண்ணன் உட்கார்ந்து, இடமும் வலமும் சாய்ந்து காட்டினார். அசையவில்லை! நட்டு வைத்த மாதிரி நின்றது.

"தரை நாலு பக்கமும் குழியப் பாத்துல்லா சரியுது. அதான் நாலு காலும் நாலு அளவு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் அவர் கழுவவில்லை. தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்திருக்கிறார். ஒவ்வொரு கால் வரும் இடத்தையும் தனித்தனியாக அளந்திருக்கிறார். எந்தப் புத்தகத்தில் இருந்திருக்கும் இது? அப்பா... இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

அன்று ஆறு சப்பாத்தி சாப்பிட்டேன். வசந்தி சிரித்துக்கொண்டே சுட்டுச்சுட்டுப் போட்டாள்.

அதோடு அக்கா விட்டாரா? அடுத்த ஞாயிறு மறுபடி ரம்பச் சத்தம். நிஜமாகவே ஒரு பூத்தொட்டி ஸ்டாண்ட் செய்து, இரண்டு செவ்வந்தித் தொட்டிகளோடு வராந்தாவில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதாம்.

என்னிடமும் அதைப் பற்றி அவர் அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் நன்றி சொன்னதில்லை... சொல்ல வாய் வரவில்லை.

நாற்பது வருஷத்துக்கு மேல் என் மானத்தைக் காப்பாற்றினீர்கள், அக்கா. இன்று எல்லோர் முன்னாலும் நானே சொல்லிவிட்டேன். அன்று நீங்கள் செய்தது பூத்தொட்டி ஸ்டாண்ட் இல்லை; அது எனக்குச் செய்த நாற்காலி.

போய் வாருங்கள், மிஸ்திரி அக்கா.