கடைசி யாரு?

"கடைசி யாரு?"

கதவு பாதிகூடத் திறந்திருக்காது, அதற்குள் குரல் உள்ளே வந்துவிடும். பின்னாலேயே ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி, ஒரு பொட்டலம் வறுத்த சூரியகாந்தி விதை, அப்புறம்தான் ஃபைனா. மணி காலை ஏழு. எங்கள் பெல்ட்ஸி மருத்துவமனையில் டோக்கன் என்பதே கிடையாது. மால்தோவா முழுக்க இதுதான் வழக்கம்: உள்ளே வருகிறவர் கடைசி ஆள் யாரென்று கேட்க வேண்டும், ஒருவர் கையைத் தூக்குவார், அந்த நொடியிலிருந்து வந்தவர்தான் கடைசி.

ஃபைனா தனக்காகக் கேட்பதில்லை. "எனக்குப் பின்னாடி ஒரு ஒல்லி ஆளு. அவனுக்குப் பின்னாடி புருஷன் பொண்டாட்டி. அவங்களுக்குப் பின்னாடி ஒரு பச்சைக் கோட்டு, தோ வந்துட்டே இருக்கா" என்று வராத ஆட்களையெல்லாம் வரிசையில் நட்டுவிடுவாள். பெஞ்சில் ஒருவருக்குத் தொப்பி, ஒருவருக்குக் கையுறை, ஒருவருக்கு விதைப் பொட்டலம் என்று அடையாளம் வேறு. "நாலு ஆளுக்கு நீ ஒருத்தியா?" என்று யாராவது எகிறினால் இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள். "உடம்பப் பாருங்க, நாலு ஆளு தேறாது?" சண்டைக்கு வந்தவர் சிரித்துத் தொலைப்பார்.

அவள் மட்டும் உட்காரவே மாட்டாள். "உக்காந்தா கண்ணு சொக்கும். கண்ணு சொக்குனா எடம் போயிடும்."

நான் லிதியா. பதிவு ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். எட்டு மணிக்கு ஜன்னலைத் திறப்பேன், பத்து மணிக்குப் பலகையை இறக்குவேன். இரண்டையும் நிமிஷம் பிசகாமல் செய்கிறவள் என்று ஊரில் எனக்குப் பெயர். அப்படிப்பட்டவளுக்கு ஃபைனா எவ்வளவு பெரிய தலைவலி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஃபைனா பதினோரு வருஷம் ஊசியில் போதை ஏற்றியவள். ஒன்பது வருஷமாக எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறாள். இப்போது ஒரு சின்ன அமைப்பில் வேலை. வேனில் போய், ஊசி போடுகிறவர்களுக்குப் புது ஊசி கொடுத்து, ரத்தம் சோதித்து, நோய் இருக்கிறவர்களை மாத்திரை தரும் எங்கள் ஏழாம் நம்பர் அறைக்கு இழுத்து வருவாள். "முன்ன ஊசிக்காக ஊரச் சுத்துனேன். இப்ப ஊசி போடுறவங்களுக்காகச் சுத்துறேன். கால் அதே கால்தான் லிதியாம்மா, செருப்புதான் மாறிருக்கு." அவள் கூட்டி வந்த ஒருவர் மாத்திரை டப்பாவோடு வெளியே வந்துவிட்டால் போதும், அதைப் பிடுங்கிக் கிலுகிலுப்பை போல் குலுக்கிக்கொண்டு நடைபாதையிலேயே இரண்டு ஆட்டம் போடுவாள். மருத்துவமனை இது என்று நான் கத்தினால், "அதான் ஆடுறேன்" என்பாள்.

அந்த ஒல்லி ஆளின் பெயர் ஆர்கடி. வயது நாற்பத்திரண்டு. கல்யாணங்களில் அக்கார்டியன் வாசிப்பவன். இந்த ஊரில் பாதிப் பேர் அவன் வாசிப்புக்கு ஆடித்தான் கல்யாணம் கட்டினார்கள், நான் உட்பட. அவனும் ஊசிக்குப் பழகியவன். இலையுதிர் காலத்தில் வேனில் சோதித்தபோது நோய் இருப்பது தெரிந்தது. குளிர் முடிவதற்குள் மாத்திரை ஆரம்பிக்காவிட்டால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று முறை வந்தான். மூன்று முறையும் கதவோரம் நின்றுவிட்டு ஓடிப்போனான்.

ஏனென்று ஃபைனா கேட்டதற்கு என் ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றுதான் பதில் சொன்னான். "கடைசி யாருன்னு என்னால கேக்க முடியலக்கா. வாயத் தொறந்தா எல்லாரும் பையை இழுத்து மடியில வச்சுக்கறாங்க. நான் அதப் பாக்காத மாதிரி சுவத்தப் பாக்கணும்."

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஊசிப் பழக்கத்தை விடுவதற்காக அவன் தினமும் குடிக்கும் மெத்தடோன் மருந்தை ஊரின் அந்தக் கோடியில் எட்டிலிருந்து பத்து வரைதான் தருவார்கள். இங்கே ரத்தம் எடுப்பதும் எட்டிலிருந்து பத்து வரைதான். அங்கே போகாவிட்டால் உடம்பு உதறும், இங்கே வராவிட்டால் மாத்திரை கிடையாது. இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவரச் சொல்லி ஃபைனா பதின்மூன்று மனு கொடுத்திருக்கிறாள். பதின்மூன்றையும் பதிவு செய்தது நான்தான்.

தலைநகருக்கு ரத்தம் கொண்டுபோகும் கார் செவ்வாய்க்கிழமை மட்டும் வரும். ஒரு செவ்வாய்க்கிழமை ஃபைனா திட்டம் போட்டாள். அவன் எட்டுக்கு அங்கே மருந்தைக் குடித்துவிட்டு மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடும் டிராலிபஸ்ஸைப் பிடித்து ஒன்பதரைக்கு இங்கே வர வேண்டும். அதுவரை அவன் இடத்தை இவள் காப்பாள். ஒன்பது நாற்பதுக்கு அவள் போன் அலறியது. பேசுவது நடைபாதைக்கே கேட்டது.

"அக்கா, டிராலிபஸ்சோட கொம்பு கம்பியிலேர்ந்து கழண்டுடுச்சு! டிரைவர் கூரை மேல ஏறிட்டாரு!"

"அவரு ஏறட்டும், நீ எறங்கு! ஓடு!"

"அக்கார்டியன் இருக்குக்கா!"

"அதையும் கூட்டிட்டு ஓடு!"

அக்கார்டியனை அவன் எங்கேயும் விட்டுவிட்டு வர மாட்டான். வீட்டில் வைத்தால் தம்பி விற்றுவிடுவான்.

"நீங்க போங்க, நீங்க போங்க" என்று ஃபைனா எல்லாரையும் முன்னால் அனுப்பினாள். பத்து மணி அடித்தது. நான் பலகையைப் பிடித்தேன். அவள் தலையை ஜன்னலுக்குள் நுழைத்தாள், தொப்பியோடு.

"தலைய எடு ஃபைனா."

"மாட்டேன்."

"பலகை விழும்டி."

"விழட்டும். ரத்தம் வந்தா டப்பால புடிச்சு அனுப்புங்க, கார்தான் நிக்குதே!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சிரிப்புக்கும்தான். பதிவுச் சீட்டு வாங்கி முடித்தவர்கள்கூட நகரவில்லை. ஃபைனா இடம் பிடிப்பதை எப்போதும் உரக்கத் திட்டுகிற ஊதாச் சால்வைக்காரி ஒருத்தி இருக்கிறாள், ரத்த அழுத்தத்துக்கு வாராவாரம் வருகிறவள். ஆர்கடியைக் கண்டால் முதலில் பையை இழுத்துக்கொள்பவளும் அவள்தான். அவள் தெருப்பக்கக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "வர்றான்! ரொட்டிக்கடைய தாண்டிட்டான்! ஐயோ, வழுக்குதே, பாத்து வாடா!" என்று கூச்சல் போட்டாள்.

"என் கடிகாரம் அஞ்சு நிமிஷம் முந்தி ஓடுது" என்றேன் நான். பத்தொன்பது வருஷத்தில் அன்றுதான் கவனித்தேன்.

முதலில் வந்தது சத்தம். அக்கார்டியனின் துருத்தியைக் கட்டும் வார் அவிழ்ந்திருந்தது போல, ஒவ்வொரு எட்டுக்கும் அது ஆடு மாதிரிக் கத்தியது. பின்னால் ஆர்கடி. மொத்த வரிசையும் கைதட்டியது. நானும் தட்டியிருப்பேன், கையில் பலகை இருந்தது.

ரத்தம் எடுக்கும் அறையில் நர்ஸ் நரம்பைத் தேடினாள். ஒரு குத்து, இரண்டு குத்து, ஒன்றும் வரவில்லை. ஃபைனா கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "ஏம்மா, அவன்கிட்டயே கேளேன். எந்த ரோடு தொறந்திருக்குன்னு அவனுக்குத்தான தெரியும்?" ஆர்கடி வெட்கத்தோடு இடது மணிக்கட்டுக்கு மேலே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான். அடுத்த குத்திலேயே ரத்தம் வந்தது.

ஆனால் ரத்தம் கொடுப்பது பாதிதான். அடுத்த செவ்வாய் வந்து மாத்திரையை வாங்காவிட்டால் ஓடியதெல்லாம் வீண். அப்படி வராமலே போனவர்கள் பலரை ஃபைனாவுக்குத் தெரியும், சிலரைப் புதைக்கவும் போயிருக்கிறாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பெஞ்சில் சிவப்புத் தொப்பியை ஆர்கடிக்காக வைத்துவிட்டு, வெறுந்தலையோடு பக்கத்தில் நின்றாள். ஒரு விதைகூடக் கொறிக்கவில்லை. என்னோடு சண்டையும் போடவில்லை. எட்டரை, ஒன்பது, ஒன்பது இருபது.

கதவு திறந்தது. ஆர்கடி வழக்கமான கதவோரத்தில் நின்றான். சுவரைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான். கல்யாண மண்டபத்தில் ஆட்டத்துக்கு அழைக்கிற குரலில் "கடைசி யாரு?" என்றான்.

"உன் எடம் இங்க—" என்று ஆரம்பித்த ஃபைனா வாயை மூடிக்கொண்டாள்.

ஊதாச் சால்வைக்காரி கையைத் தூக்கினாள். "நான்தான் ராசா. எனக்குப் பின்னாடி நீ."

பெஞ்சிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்து அவனுக்கு இடம் விட்டாள்.

ஃபைனா சிவப்புத் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டினாள். அது இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.