பட்டாம்பூச்சி ஃப்ராக்கும் கிளாடிஸின் கத்தரிக்கோலும்

சாந்தோமில் கடலுக்குப் போகும் சந்து ஒன்றில் கிளாடிஸுக்கு ஒரு கடை இருக்கிறது. கடை என்று சொன்னால் அவளுக்கே சிரிப்பு வரும். வீட்டின் முன்னறைதான் அது. கதவைத் திறந்து வைத்தால் கடை, சாத்தினால் வீடு. உள்ளே கொடி கட்டி ஃப்ராக், டவுசர், பாபா சூட் எல்லாம் தொங்கவிட்டிருப்பாள். வந்து நிற்கிற குழந்தையை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். டேப்பெல்லாம் எடுக்க மாட்டாள். அவள் உருவிக் கொடுக்கும் சட்டை அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும். யாருக்கு என்ன விற்றோம் என்று எழுதி வைக்கிற வழக்கமும் கிடையாது. முகத்தைப் பார்த்தால் போதும், போன ஈஸ்டருக்கு அந்த வீட்டுக்குப் போன சட்டை என்ன நிறம் என்பதுகூட ஞாபகம் வந்துவிடும்.

எல்லாம் சரி, அந்தக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. விற்ற துணி திரும்ப வராது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவரிடம், பிள்ளை வளரும்போது எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியவள் அவள். அந்த மனுஷனும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் வாய்க்கு முன்னால் நிற்க யாரால் முடியும்? ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறைக்கு வேலைக்குப் போகிற அவள் கணவர் விக்டர் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் சுப்ரீம் கோர்ட். அதையும் அவள் காதில் விழாமல்தான் சொல்வார்.

இந்த வருஷம் பங்குக் கோயில் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால், தி. நகரில் மொத்த வியாபாரம் செய்யும் இனாயத் ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினார். கப்பலில் வந்த வெளிநாட்டு மால். கிளாடிஸ் பிரித்துப் பார்த்தால், அத்தனையும் பட்டாம்பூச்சி ஃப்ராக். முதுகில் வலைத்துணியில் இரண்டு இறக்கை. கழுத்தைச் சுற்றி வழுவழுவென்று ஒரு கயிறு, அதன் இரண்டு நுனியிலும் முயல்குட்டி மாதிரி பொசுபொசு குஞ்சம். கயிறு முழங்கால் வரைக்கும் தொங்கியது. இனாயத் சொன்ன விலைக்கு இங்கே ஒரு கைக்குட்டைதான் வாங்கலாம். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத்தான் ஆளில்லை.

மூட்டையிலிருந்து குப்பென்று வந்த வாடையில் விக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா கிளாடிஸ், துணிக்கடையா, பெட்ரோல் பங்க்கா?"

ஒரு தண்ணி அலசினால் போய்விடும், உன் மூக்கைக் கொண்டுபோய்ப் பட்டறையில் வை என்று அவரை விரட்டிவிட்டு, எல்லாவற்றையும் அலசிப் போட்டாள். வாடை போனது. கயிற்றை யார் யோசித்தார்கள்? பிள்ளைகள் அந்தக் குஞ்சத்தைப் பார்த்ததும் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதன. மொத்தமும் விற்றுத் தீர்ந்தது.

திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் ஜலஜா வந்தார். மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பக்கத்தில் வீடு. மகள் மாளவிகாவுக்கு வருஷக்கணக்காகத் துணி எடுப்பது கிளாடிஸிடம்தான். பையிலிருந்து பட்டாம்பூச்சி ஃப்ராக்கை எடுத்து மேஜையில் வைத்ததும், கிளாடிஸ் வழக்கமான சட்டத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"பணத்துக்காக வரலை கிளாடிஸ்," என்றார் ஜலஜா. "பார்க்ல சறுக்குமரத்துல விளையாடிண்டு இருந்தா. மேல கம்பியில கயிறு மாட்டிண்டுடுத்து, இவ கீழ சறுக்கிட்டா. நல்ல வேளை, நான் கிட்டயே நின்னுண்டிருந்தேன். கழுத்துல கோடு போட்ட மாதிரி செவந்து போச்சு. குழந்தை நன்னா இருக்கா. ஆனா இன்னும் எத்தனை பேர் ஆத்துல இது இருக்கோ, பாத்துக்கோங்கோ."

அவர் சத்தம் போட்டிருந்தால் கிளாடிஸ் பதிலுக்கு ஒரு சத்தம் போட்டிருப்பாள். அவர் அமைதியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை பூசை முடிந்ததும் கோயில் மைதானத்தில் குடை ராட்டினம் சுற்றும். அத்தனை பட்டாம்பூச்சியும் வரிசை கட்டி அதில் ஏறும். நுனியில் குஞ்சம் வைத்த கயிறு சுற்றுகிற இரும்பில் மாட்டினால் என்ன ஆகும்? மாதாவே, பிள்ளைகளைக் காப்பாத்து என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

வீடு வீடாகப் போனாள். போனவள் நேராக விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டாமா? என் கடைத் துணி பிள்ளை கழுத்தை இறுக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருஷம் சேர்த்த பேராயிற்றே. அந்த ஃப்ராக்கைக் கொடு, வேறு நல்லதாகத் தருகிறேன் என்று மட்டும் கேட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று. விற்றதைத் திரும்பத் தொடாத கிளாடிஸ் வாசலில் வந்து நின்று திருப்பிக் கேட்கிறாள் என்றால் சும்மாவா கேட்பாள்? மார்க்கெட்டில் அந்த மாலுக்குக் கிராக்கி ஏறிவிட்டது என்று தெரு முழுக்கப் பேச்சு. பீரோவில் வைத்துப் பூட்டியவர்களும் உண்டு. ஒருத்தி, சைதாப்பேட்டையிலிருக்கும் தங்கை மகளுக்கும் ஒன்று வேண்டும், மிச்சம் இருக்கிறதா என்று இவளிடமே கேட்டாள்.

வெறுங்கையோடு திரும்பி வந்து சாப்பாட்டைத் தள்ளி வைத்தவளிடம் விக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"உம்பேரு பெருசா, புள்ளைங்க கழுத்து பெருசா? போய் உள்ளதச் சொல்லு."

காலையில் பூசைக்கு முன்னாலேயே பங்குச் சாமியார் லாரன்ஸைப் பார்த்தாள். அவர் நல்ல மனுஷன். கடை பெயரைச் சொல்லாமல் பொதுவாக அறிவிப்பில் சொல்லிவிடுகிறேன் என்றார். பெயர் சொல்லாவிட்டால் ஒருவரும் காதில் வாங்க மாட்டார்கள் சாமி, நானே சொல்கிறேன் என்று பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கடையில பட்டாம்பூச்சி ஃப்ராக் வாங்கினவங்க எல்லாரும் கேட்டுக்கோங்க. கழுத்துல கீற கயிறு ஆபத்து. ஒரு புள்ளைக்குக் கழுத்து இறுக்கிடுச்சு. நா பாத்து வாங்கியிருக்கணும், பாக்கல, தப்பு என்னுது. ராட்டினத்துல ஏத்தறதுக்கு முன்னாடி கயிற வெட்டிருங்க. துணியே வேணாம்னா எடுத்துட்டு வாங்க, நா திருப்பி வாங்கிக்கறேன்."

கயிறு ஆபத்து என்றபோது கோயிலில் சின்னதாக ஒரு முணுமுணுப்புதான். திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றாளே, அப்போதுதான் பிள்ளை வைத்திருந்த பெண்கள் எல்லாரும் சட்டென்று பிள்ளையின் கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். கிளாடிஸே திருப்பி வாங்குகிறாள் என்றால் விஷயம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்!

ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் ஓவென்று கத்தின. அவர்களுக்கு உயிரே அந்தக் குஞ்சத்தில்தானே இருந்தது! கிளாடிஸ் ஒரு வேலை செய்தாள். கயிற்றை உருவி வெட்டிப் போட்டுவிட்டு, குஞ்சத்தை ரப்பர் பேண்டில் முடிந்து தலையில் இரண்டு பக்கமும் கட்டிவிட்டாள். முதல் பிள்ளை அப்படித் தலையை ஆட்டிக்கொண்டு போனதுதான் தாமதம், மற்றதெல்லாம் என் கயிற்றை வெட்டு, என் கயிற்றை வெட்டு என்று முட்டி மோதின. நடுவில் ஒரு மகராசன், இப்போது காலேஜ் போகிற மகனுக்கு அந்தக் காலத்தில் வாங்கிய டவுசரைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று எடுத்துக்கொண்டு வந்தார். அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

ஒவ்வொரு முகமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் வந்தாயிற்று, ஒன்றுகூடப் பாக்கியில்லை. விக்டர் கொண்டுவந்த டீயை வாங்கி ஒரு வாய் குடித்தாள். நிம்மதியாக இருந்தது. ராட்டினக்காரர் கதிரேசன் கம்பியைத் தள்ளிக்கொண்டு இரண்டு சுற்று நடந்திருப்பார்.

வெள்ளைக் குதிரைமேல் நீல நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி போயிற்று. நீலம் யாருக்கு விற்றோம் என்று யோசித்தாள். நீலம் யாருக்கும் விற்கவில்லையே. அடுத்த சுற்றில் அந்த முகம் தெரிந்தது. ஜொவிட்டா! ஞானஸ்நானத்தன்று அவள் கையில் ஏந்திய ஞானப்பிள்ளை. ஞானத்தாய் என்கிற முறைக்குத் திருவிழாவுக்குத் திருவிழா துணி எடுத்துக் கொடுப்பது கிளாடிஸின் வழக்கம். மூட்டையைப் பிரித்த அன்றைக்கே, எல்லாவற்றிலும் அழகான அந்த நீலத்தை உருவி, ஜொவிட்டாவின் அம்மா டீனாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். விற்றதெல்லாம் ஞாபகம் இருந்தது, கொடுத்தது மட்டும் மறந்துபோயிருந்தது. டீனாவோ விடியற்காலைப் பூசை பார்த்துவிட்டு, அப்போதிலிருந்தே கோயில் பெண்களோடு வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு மைக்கும் தெரியாது, ஒன்றும் தெரியாது.

டீ எங்கே விழுந்ததோ. "நிறுத்துப்பா, நிறுத்து!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். கதிரேசன் கம்பியை மார்பில் தாங்கிப் பிடித்து நிறுத்தினார். ஜொவிட்டாவின் ஒரு குஞ்சம் குதிரைக் கம்பியின் போல்ட்டில் மாட்டி, கயிறு இரண்டு சுற்று சுற்றியிருந்தது. கழுத்துக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண்கூட மிச்சமில்லை. கிளாடிஸ் கையை உள்ளே விட்டு வெட்டினாள். வெட்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. குதிரைமேல் உட்கார்ந்தபடியே முறைத்தது.

"எல்லார் தலையிலயும் குஞ்சம் கட்டினீங்களே ஆன்ட்டி, நா உங்க புள்ளைதானே? எனக்கு மட்டும் ஏன் கடைசியில?"

கிளாடிஸ் குழந்தையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே குஞ்சத்தைக் கட்டினாள். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகக் கோணலாகத்தான் வந்தது. ஜொவிட்டா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று மறுபடியும் குதிரை ஏறப் போய்விட்டாள்.

அப்புறம் இனாயத் அடுத்த மூட்டையோடு வந்தபோது, கிளாடிஸ் ஒவ்வொரு துணியாக இழுத்தாள், முகர்ந்தாள், பித்தானைப் பல்லால் கடித்துப் பார்த்தாள். இனிமேல் கயிறு வைத்த மால் கொண்டுவந்தால் அதை உங்கள் கழுத்திலேயே கட்டி ராட்டினத்தில் ஏற்றிவிடுவேன் என்று அவரிடம் சொன்னாள். அவர் சிரித்தார், ஆனால் பாதி மூட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டுதான் போனார்.

போன வாரம் ஜலஜா மாளவிகாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கிளாடிஸ் பருத்தியில் ஒரு மஞ்சள் கவுன் எடுத்துக் கொடுத்தாள், கயிறு கிடையாது, மணி கிடையாது. பையில் போட்டுக் கொடுக்கும்போது, "போட்டுப் பாத்துட்டு, புடிக்கலன்னா திருப்பிக் கொண்டாந்துடுங்கம்மா," என்றாள்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த விக்டர் பாதிச் சோற்றில் எழுந்து வந்து, காய்ச்சல் அடிக்கிறதா என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.