நடந்து போகும் தூரம்

இன்று செக்காலையில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குடிசைகளை அகற்றிவிட்டு, பசுமைக் குடியிருப்பு கட்டப்போகிறார்களாம்.

"வீடு, கடை, ஆஸ்பத்திரி எல்லாமே நடந்து போற தூரத்துல இருக்கும்" என்றார் அதிகாரி.

அந்தக் குடிசைகளில் ஒன்றில் இருக்கும் கருப்பையா அண்ணன் எழுந்தார். இஸ்திரி போடுபவர்.

"இப்பவும் நடந்துதாங்க போறோம். எம்பொஞ்சாதிக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ டயாலிசிஸ். எங்களுக்கு எங்குட்டு வீடு தாரீக?"

"புதுவயல் தாண்டி, இங்கேர்ந்து பன்னெண்டு கிலோமீட்டர்ல ஒதுக்கியிருக்கோம்."

அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வேப்பங்கன்று கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற அண்ணன் என்னிடம் கேட்டார்.

"இத எங்குட்டு தம்பி வைக்கிறது?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாளைக்கு அவரிடம் சொல்கிறேன்.