கண்ணாடியும் அடைப்பும்

வேனைக் கழுவுவது எப்போதும் டிரைவரின் வேலை. ஆறு வாரமாக அதை அவர் மனைவி செய்கிறாள். குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாளியும் அதில் சேர்த்தி. அவர் வாசலில் நாற்காலி போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மேற்பார்வை பார்த்தார்.

"பின்சக்கரத்துக்கு மேல சேறு அப்படியே இருக்கு பாரு."

"எங்க?"

"அங்கதான். நம்பர் பிளேட்டுக்குக் கீழயும் இருக்கு."

"போன வருஷம் நீங்க கழுவுனப்போ இதெல்லாம் எங்க போயிருந்துச்சு?" என்று அவள் துணியை உதறினாள். இரண்டு சொட்டு அவர் சட்டையில் விழுந்தது.

"கண்ணுல படப்போகுது, ஏய்!"

"கண்ணு அங்க இருக்கு, சட்டை இங்க இருக்கு. சும்மா உக்காருங்க."

அது பள்ளிக்கூடத்து வேன். முப்பத்திரண்டு பிள்ளைகள் ஏறுவார்கள். அவர் இருபது வருடமாக அதை ஓட்டுகிறார். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா அவர் மனைவிதான், அவளுக்கு இது பதினான்காவது வருடம். பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'பிரேக்கு' என்று பெயர். எறும்பு குறுக்கே போனாலும் நிறுத்திவிடுவார் என்று கேலி செய்வார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். இருபது வருடத்தில் வேனில் ஒரு கீறல் கிடையாது.

ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. கண் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வந்தால் திங்கட்கிழமை முதல் ஓட்டலாம் என்று பள்ளி மேனேஜர் சொல்லியிருந்தார். அன்று மதியம் அதற்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கண் தொல்லை ஆரம்பித்தது எதிரே வரும் வண்டி வெளிச்சத்தில். விளக்கு ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவுக்கு வீங்கித் தெரிந்தது. கண்ணில் புரை என்று போனார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இடது கண்ணில் புரையோடு பிரஷரும் இருக்கிறது என்றார்.

"எனக்கு பிரஷர் கிடையாதுங்களே. போன மாசம்தான் பார்த்தேன்."

"அது ரத்தத்துல. இது கண்ணுக்குள்ள. சொட்டு மருந்துக்கு அடங்கல. ரெண்டையும் ஒரே ஆபரேஷன்ல பண்ணிடலாம்."

அவருக்குப் புரியவில்லை. இரண்டு நோய் என்றால் இரண்டு ஆபரேஷன்தானே? வீட்டுக்கு வந்ததும், கூரியர் ஆபீசில் வேலை பார்க்கும் மகள் ஒரு பேப்பரில் கண்ணை வரைந்து காட்டினாள். உள்ளே இருக்கும் லென்ஸ் மங்கிப்போயிருக்கிறது, அதை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைப்பார்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியே போக வழியில்லாமல் நரம்பை அழுத்துகிறது, அதற்கு ஒரு சின்ன வழி வெட்டிவிடுவார்கள். ஒரே தடவையில் இரண்டும்.

"புரிஞ்சுது, புரிஞ்சுது," என்றார் அவர். "முன்கண்ணாடி மாத்துறாங்க. அப்படியே ரேடியேட்டர் அடைப்பையும் எடுத்துடறாங்க. வண்டிய ஒருதடவதானே ஷெட்டுல விடணும்."

மகள் சிரித்துவிட்டு, "கிட்டத்தட்ட அப்படித்தான்பா," என்றாள். அந்தக் 'கிட்டத்தட்ட'வை அவர் கவனிக்கவில்லை. ஷெட்டிலிருந்து வரும் வண்டி போகும்போது இருந்ததைவிட நன்றாகத்தான் வரும். வராவிட்டால் மெக்கானிக்கின் சட்டையைப் பிடிக்கலாம். கையெழுத்துப் போடச் சொன்னபோது டாக்டரம்மா நிதானமாக இரண்டு மூன்று விஷயம் சொன்னார். "போனது திரும்பாது" என்று ஒன்று காதில் விழுந்தது. அது எடுத்துப்போடுகிற பழைய லென்ஸைப் பற்றி என்று நினைத்துக்கொண்டார். பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குகிற பழக்கம் அவருக்கு என்றுமே இல்லை.

ஆபரேஷனும் அவருக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. முகத்தை மூடிவிட்டார்கள், ஆனால் தூக்கம் இல்லை. வெளிச்சம் மட்டும் தண்ணீருக்கடியில் இருந்து பார்ப்பதுபோல ஆடியது. இதில் முதல் வேலை எங்கே முடிந்தது, இரண்டாவது எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்கப் பார்த்தார். முடியவில்லை. "முதலாவது ஆயிடுச்சுங்களா?" என்று கேட்டார். "பேசாதீங்க," என்றார் டாக்டரம்மா. "ரெண்டாவதே முடியப்போகுது."

முதலில் சில நாள் கலங்கலாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் எதிர்வீட்டு மாடியில் காயும் துணியில் தையல் பிரிந்திருப்பது வரை தெரிந்தது. இதைப் போய் எதிர்வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டு வந்தார். வெள்ளை இவ்வளவு வெள்ளையா என்று ஒரு நாள் முழுக்க ஆச்சரியப்பட்டார்.

ஆனால் ஒரு விஷயம் இடித்தது. உண்மையிலேயே இடித்தது. இடது தோள் கதவு நிலையில் இடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் வைத்த டம்ளரைக் கை தட்டிவிட்டது. மகள் இடப்பக்கம் வந்து நின்று பேசினால் தூக்கிவாரிப் போட்டது. எதிர்வீட்டுத் தையல் தெரிகிறது, பக்கத்தில் நிற்கிற மகள் தெரியவில்லை. இது என்ன கணக்கு? கண்ணாடி மாற்றியாயிற்று. அடைப்பு எடுக்கும் வேலைதான் பாதியில் நிற்கிறது போல என்று முடிவு செய்தார்.

மதியம் ஆஸ்பத்திரியில் ஒரு இருட்டறையில் உட்கார வைத்தார்கள். வலது கண்ணை மூடிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். எங்கே வெளிச்சம் மினுக்கினாலும் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். புரை இருந்தபோது இந்த டெஸ்ட் சரியாக வராது என்று தள்ளிவைத்திருந்தார்கள்.

நாலைந்து முறை அழுத்தினார். பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.

"தம்பி, மெஷின் நின்னுபோச்சு போல."

"ஓடுதுங்க," என்றார் டெக்னீஷியன்.

"லைட்டே வரலியே."

"வருதுங்க. நடுவுலயே பாருங்க."

அவர் நடுவிலேயே பார்த்தார். பட்டனில் வைத்த கட்டைவிரல் வியர்த்தது.

டாக்டரம்மா அறையில் அவரும் மனைவியும் உட்கார்ந்தார்கள். மேஜையில் இருந்த பேப்பரில் ஒரு வட்டம் இருந்தது. நடுவில் கொஞ்சம் வெளுப்பு, சுற்றிலும் கறுப்பு.

"பிரஷர் நல்லா இறங்கியிருக்கு. ஆபரேஷன் நல்லபடியா ஆகியிருக்கு," என்றார் டாக்டரம்மா.

"அப்ப ஏன்மா பக்கத்துல தெரிய மாட்டேங்குது?"

"அத அன்னிக்கே சொன்னேனே. புரையால போன பார்வை வந்துடுச்சு. பிரஷரால போன பார்வை வராது. மிச்சம் இருக்கிறத காப்பாத்தத்தான் அந்த ரெண்டாவது வேலை."

"ரெண்டும் ஒரே ஆபரேஷன்தானே?"

"ஒரே ஆபரேஷன்தான்."

"ஒண்ணு திருப்பித் தருது, இன்னொண்ணு தராதுங்கறீங்க."

"ஆமாங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "வேன் ஓட்டலாம்னு என்னால எழுதித் தர முடியாது. இது ஆறு வாரத்துல வந்ததில்ல. அஞ்சாறு வருஷமாவது ஆகியிருக்கும். அப்பவே வந்திருந்தா சொட்டு மருந்திலயே நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஒண்ணுதான் புரியல. இத்தன வருஷம் இந்தக் கண்ண வச்சுக்கிட்டு எங்கயும் மோதாம எப்படி ஓட்டினீங்க? இடது பக்கம் சைக்கிளோ புள்ளையோ வந்தா எப்படித் தெரியும்?"

"இவ சொல்லுவாளே," என்றார் அவர் சட்டென்று.

சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது.

பஸ் பிடித்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். பஸ்ஸில் அவள் அவரைத் தனக்கு இடப்பக்கம் உட்கார வைத்தாளா, வலப்பக்கமா என்று அவர் கவனிக்கப் பார்த்து, கவனித்து, பிறகு ஏன் கவனித்தோம் என்று தோன்றி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேனேஜருக்குப் போன் பண்ண வேண்டும். பண்ணவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார். மற்ற வேன்களில் ஆயா குரல் கொடுப்பது ஸ்டாப்பில் கதவு சாத்தும்போது மட்டும்தான். "ரைட், போலாம்." அவ்வளவே வேலை. இவள் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வருவாள். லெஃப்ட்ல சைக்கிள். லெஃப்ட்ல பள்ளம். ஒரு ஆளு இறங்குறாரு, நிறுத்துங்க. இப்போது ஓட்டும் மாற்று டிரைவர்கூட, "அந்த அம்மாவக் கொஞ்சம் வாய மூடச் சொல்லுங்கண்ணே, எனக்குக் கண்ணு இருக்கு," என்று சிரித்திருந்தான். அவரும் சிரித்தார்.

ஆரம்பத்தில் அவள் கடைசி சீட்டில், சின்னப் பிள்ளைகளோடுதான் உட்காருவாள். எப்போது முன்படிக்குப் பக்கத்து சீட்டுக்கு வந்தாள்? மகள் கல்லூரிக்குப் போன வருடமா? அதற்கு முன்னாலா? பின்னால் தலைசுற்றுகிறது என்று ஏதோ சொன்னாள். அவளுக்கு எந்த வண்டியிலும் தலை சுற்றியதில்லை.

நன்றி சொல்லவா, கத்தவா என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்திரண்டு பிள்ளைகள். ஐந்தாறு வருடம். ஒரு கீறல் இல்லை. அவள் அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கண் இருந்திருக்கும். வேலை இருந்திருக்குமா? இருந்திருக்கலாம். போயிருக்கவும் கூடும். அல்லது அவளுக்கும் ஒன்றும் தெரியாமலே, வாய் பழக்கத்தில் சொல்லிக்கொண்டு வந்தாளோ?

அவள் சொட்டு மருந்தோடு வந்தாள்.

"தலையத் தூக்குங்க."

தூக்கினார். கீழிமையை விரலால் இறக்கி ஒரு சொட்டு விட்டாள்.

"மூடிக்கங்க. அஞ்சு நிமிஷம் திறக்கக் கூடாது."

மூடிக்கொண்டார். மருந்து தொண்டைவரை கசந்தது.

"நீ எதுக்கு முன்சீட்டுக்கு வந்த?"

பாட்டிலை மூடும் சத்தம் கேட்டது.

"உன்னத்தான் கேக்கறேன். உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

வளையல் ஒருமுறை அசைந்தது. பிறகு அவள் கால்கள் தரையில் நடந்து போவது கேட்டது. கதவு வரை மெதுவாக, கதவைத் தாண்டியதும் கொஞ்சம் வேகமாக.