கைதட்டல் வாங்கிய சமாதானம்

போன மாதம், என் மகளோடு படித்த ஜெனியின் அம்மா வீட்டுக்கு வந்து, என்னிடம் தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட் துணியைத் திருப்பிக் கேட்டார்.

"ஏம்மா, அவசரமா வேணுமா? நாளைக்கே தச்சுக் குடுத்துடறேன்" என்றேன்.

"வேணாங்க்கா. எங்க ஊட்டு சண்டைக்குக் கை தட்டறவங்ககிட்ட தச்சு என்னாத்துக்குப் போட்டுக்கணும்?"

எனக்கு வாய் வரவில்லை. பொதுவாகவே வராது. என் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — ரேஷன் கடையில் என் முறை வந்த பிறகும் பின்னால் நிற்பவரை முன்னே விடுகிற ஆள் நான். துணியை மடித்துக் கொடுத்தேன். போய்விட்டார்.

நடந்தது இதுதான்.

என் மகள் கயல் ஏழாம் வகுப்பு. குறிஞ்சிப்பாடியிலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் போய்ப் படிக்கிறாள். ஜெனியும் தர்ஷினியும் அவள் வகுப்பு, அதே பஸ்.

பிள்ளைகளின் சண்டையைப் பிள்ளைகளே பேசித் தீர்க்கட்டும் என்று இந்த வருஷம் அவர்கள் பள்ளியில் ஒரு ஏற்பாடு. வகுப்புக்கு ஒரு 'சமாதான லீடர்'. சண்டை போட்ட இரண்டு பேரையும் உட்கார வைத்து, குறுக்கே பேசாமல், "உனக்கு ஏன் கோபம் வந்துச்சு?" என்று கேட்க வேண்டும். யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

நல்ல ஏற்பாடுதானே? பெரியவர்கள் நாம் எத்தனை பேர் அப்படிக் கேட்கிறோம்?

கயலை லீடர் ஆக்கினார்கள். அவளைவிட எனக்குத்தான் தலைகால் புரியவில்லை. என் வயிற்றில் பிறந்தது நாலு பேர் முன்னால் பேசப் போகிறதே...

முதல் சண்டை பஸ்ஸிலேயே வந்தது. பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடிப்போம் இல்லையா? ஜெனி அப்படிப் பையைப் போட்டிருக்கிறாள். தர்ஷினி அதைக் கீழே தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். டிபன் பாக்ஸ் திறந்து சாம்பார் சாதம் பை முழுக்கக் கொட்டிவிட்டது. ஜெனி ஓங்கி ஒரு அறை விட்டிருக்கிறாள்.

மதியம் கயல் இரண்டு பேரையும் சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போய்க் கேட்டாள். ஜெனி அழுதுவிட்டாள். முதல் நாள் ராத்திரி அவள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை. அம்மா அழுதுகொண்டே கட்டிக் கொடுத்த சாப்பாடாம் அது.

அதைக் கேட்டு தர்ஷினியும் அழுதாள். தன் டிபனில் பாதியை ஜெனிக்குக் கொடுத்தாள். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே சீட்டில் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம்.

டீச்சருக்கு ஒரே சந்தோஷம். நல்ல மனுஷி, கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. "திங்கட்கிழமை பிரேயர்ல நீயே சொல்லு கயல். எல்லாரும் கத்துக்கட்டும்" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கயல் என் முன்னால் நின்று பேசிப் பார்த்தாள். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். நடுவில் நிறுத்தினாள்.

"ஜெனி ஊட்ல சண்டை நடந்துச்சே... அதையும் சொல்லட்டாம்மா?"

"நடந்தத நடந்த மாதிரி சொல்லு. எதுக்குப் பாதிய முழுங்குற? என்ன மாதிரி ஆயிடாத" என்றேன்.

அவள் முழுங்கவில்லை. மைக்கில் கணீரென்று சொன்னாள். பள்ளிக்கூடமே கை தட்டியது. டீச்சர் அதை வீடியோ எடுத்துப் பெற்றோர் குரூப்பில் போட்டார். அந்த குரூப்பில் ஒரு 'குட் மார்னிங்'கூடப் போட்டவள் இல்லை நான். அன்றைக்குத் தைரியம் வந்துவிட்டது. கைதட்டும் பொம்மைகளாக வரிசையாகப் போட்டேன்.

அதே குரூப்பில் ஜெனியின் அம்மாவும் இருக்கிறார். அப்பாவும் இருக்கிறார்.

மறுநாள் வகுப்பில் பையன்கள் ஜெனியைப் பிடித்துக்கொண்டார்கள். "இன்னிக்கு உங்க ஊட்ல சாப்பாடா, சண்டையா?" அந்த வாரம் முழுக்க அதே பேச்சு. பிறகு ஜெனி பள்ளிக்கு வரவில்லை. டி.சி. வாங்கி, சிதம்பரத்தில் சித்தி வீட்டில் விட்டுவிட்டார்கள். இப்போது அங்கேதான் படிக்கிறாள்.

நான் போய் மன்னிப்புக் கேட்டேன். ஜெனியின் அம்மா உட்காரச் சொன்னார். சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

"உம் பொண்ணு சின்னப் புள்ள, அதும்மேல எனக்குக் கோவம் இல்லக்கா. பெரிய மனுஷி நீ, பாத்துட்டுதான கை தட்டுன?"



இதை எழுதட்டுமா என்றும் அவரிடம் கேட்டேன். "பேர மாத்திக்க. எந்த ஸ்கூல்னு போடாத" என்றார். அப்படியே செய்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு நாம் கேட்கச் சொல்லிக் கொடுத்தோம். சரி, கேட்டதை என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்தோமா? இரண்டு பேர் சமாதானமானால் அவர்களுக்கு அது போதும். நமக்குத்தான் போதவில்லை. மைக் வேண்டும், வீடியோ வேண்டும், பாராட்டு வேண்டும்.

தர்ஷினி இப்போது பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து வருகிறாளாம். கயல் பக்கத்தில் போனால், "எங்கிட்ட ஒண்ணும் கேக்காத தாயே, அப்புறம் மைக்ல சொல்லுவ" என்கிறாளாம். கயல் லீடர் வேலையே வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிப் பார்த்தாள். டீச்சர் விடவில்லை. பிரேயரில் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

போன வாரம் அவள் வகுப்பில் வேறு இரண்டு பேருக்குள் சண்டை. கயல்தான் பேசி முடித்தாளாம். பட்டன் தைத்துக்கொண்டே, "யாரு கயலு? என்னா சண்டை?" என்று கேட்டேன்.

யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அது அவுங்க விஷயம்மா."

சரியான பதில்தான்... ஜெனி இங்கே இருக்கும்போதே நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய பதில்.