கையில் கொடுத்த இரும்பு

என் கணவருக்கு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலை. எழுத்துப் பெட்டியின் அறைகளுக்குள் அவருடைய வலக்கை பார்க்காமலே போய் வரும். பினாங்குத் தீவில், சுங்கை பினாங்குப் பகுதியில் ஒற்றை வாடகை அறையில் இருந்த எங்களுக்கு அந்தக் கைதான் சோறு போட்டது.

ஒரு நாள் காலை, சாப்பிட வந்தவர் அடுப்புக்கு அருகே சாய்ந்தார். கண் செருகி, வாயில் நுரை தள்ளி, கைகால் வெட்டி இழுத்தது. பக்கத்து அறை அக்கா ஓடிவந்து கத்தினாள்.

"வலிப்புடி! கையில இரும்பக் குடு, சீக்கிரம்!"

இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். சாவிக்கொத்து சுவரில்தான் தொங்கியது. பாழாய்ப்போன என் கண்ணுக்கு அடுப்பில் கிடந்த இடுக்கிதான் தெரிந்தது. சூடேறாத முனையை நான் பிடித்துக்கொண்டு, தணலில் கிடந்த முனையை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி அழுத்தினேன். நாற்றம் வந்த பிறகுதான் புத்தி வந்தது. பிடுங்கப் பார்த்தேன், இறுகிய பிடி விடவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்ட டிரஸர், "காயம் எப்படிம்மா?" என்று கேட்டார்.

"அடுப்புல விழுந்துட்டாரு."

எனக்கு வாய் கூசவில்லை. அவருக்கோ எதுவும் நினைவில்லை; பிறகு கேட்டபோது அவரிடமும் அதையே சொன்னேன்.

வீட்டுக்கு வந்தும் பாதி மயக்கத்தில் கிடந்தார். டிரஸர் சொன்னபடி ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். நன்றாக விழித்திருக்கும்போது மட்டும் கஞ்சி கொடுத்தேன். கடிபட்ட நாக்கு வீங்கியிருந்ததால் ஒரு கரண்டி இறங்கவே நெடுநேரம் ஆகும். துணி நனைந்து நான் மாற்றும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கட்டைப் பிரித்துக் கழுவும்போது மட்டும் அலறுவார். அந்த அலறல் எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

கை சரியானால் வேலை உண்டு என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். புண் ஆறிக் கட்டை முழுவதுமாக அவிழ்த்தபோது மூன்று விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிப்போயிருந்தன. பார்க்க வந்த அச்சுக்கூடத்துக் கணக்கர் அதைப் பார்த்துவிட்டு வேலைப் பேச்சையே எடுக்கவில்லை. என் கணவர்தான் அவருக்கு ஆறுதல் சொன்னார்.

"விரல் போனா போவுதுண்ணே. இவ இழுத்துப் போடலேன்னா நெருப்புல முழுசா வெந்திருப்பேன். இது இவ போட்ட உசிருப் பிச்சை."

வாசலில் நின்ற பக்கத்து அறை அக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டாள். நான் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். சாகும்வரை எல்லோரிடமும் அவர் அப்படியே சொல்லிவந்தார். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.