மாமனாரும் கை பிரேக்கும்

வேனின் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே என் மாமனார் பின்பக்கமாக ஏரிக்குள் இறங்கிப் போன காட்சி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. பழவேற்காடு ஏரியில் எங்கள் குப்பத்துப் படகுத்துறைக்கு ஒரு சிமெண்டுச் சரிவு இறங்கும். அதில் வண்டியை நிறுத்திவிட்டு, நண்டுக் கூடைகளை எடுத்துவரப் போயிருந்தேன். கை பிரேக்கை மேலே இழுத்துவிட்டுத்தான் போனேன். கியரில் போட்டு நிறுத்தும் பழக்கம் அப்போது எனக்கில்லை. கை பிரேக் இருக்கும்போது அது வேறு எதற்கு என்று நினைத்த காலம். சத்தம் கேட்டுத் திரும்பினால், வண்டி அவசரமே இல்லாமல் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. வாழ்நாளெல்லாம் கடலிலும் ஏரியிலும் கிடந்த மனுஷன், "நங்கூரத்தப் போடு, நங்கூரத்தப் போடு"னு கத்துகிறார். பின் சக்கரங்கள் சேற்றில் புதைந்ததும் வண்டி நின்றது. தண்ணீர் முழங்கால் அளவுதான். ஆனால் துறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள்.

படகு கட்டும் கயிற்றைப் போட்டு வண்டியை இழுத்து மேலே ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமனார் சாவியைக் கேட்டு வாங்கி, இடுப்பு அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். "இனிமே இது ஓடாது" என்றார். என் அண்ணன் ஓட்டி ஓய்ந்து எனக்குத் தந்த வேன் அது. துறையில் நண்டு எடுத்துப் பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் என் பிழைப்பு முழுக்க அந்தச் சாவியில்தான் இருந்தது. மறுநாளிலிருந்து கூடைகளோடு பஸ்ஸுக்கு நின்றேன். தண்ணீர் சொட்டும் கூடையை எந்தக் கண்டக்டர் ஏற்றுவார்? எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. காட்டுப்பள்ளியில் ஷிப்ட் வேலைக்குப் போகிற என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "நைனாவ நீயே சமாளிச்சுக்கோ"னு நழுவிவிட்டார். மாமனாரைப் பார்த்தாலும் பரிதாபமாகத்தான் இருந்தது. டீக்கடைக்குப் போனால், "இன்னா பெருசு, நங்கூரம் கெடச்சுதா?" என்று கேட்டார்கள். அவர் டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

அவரிடம் கெஞ்சிப் பிரயோசனமில்லை என்று தெரிந்தது. ஆனால் எனக்குள் வேறொரு குடைச்சல். பிரேக் பிடியை மேலே இழுத்தேன், 'கர்ர்' என்று சத்தமும் கேட்டது, பிறகு ஏன் நிற்கவில்லை? இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் என்னதான் நடக்கிறது? போனில் வீடியோக்களைப் பார்த்தேன். முதலில் பிடியின் அடியில் இருக்கும் நட்டை மட்டும் முறுக்கிப் பார்த்தேன். பிடி இறுகியது, சக்கரம் இறுகவில்லை. அப்புறம் வாசலில் சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கம் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன். அதன் பின்னால் இருந்த டிரம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியால் தட்டித் தட்டி எடுத்ததும், ஏரி மணலும் ஒரு சின்னக் கிளிஞ்சலும் கொட்டின. உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு கட்டைகள். கேபிள் இழுத்தால் அவை விரிந்து டிரம்மைப் பிடிக்க வேண்டும். இவ்வளவுதானா விஷயம் என்று எனக்கு ஒரே வியப்பு. அந்தக் கேபிள்தான், உப்புக்காற்று குடித்துக் குடித்து, உறைக்குள்ளேயே செத்துக் கிடந்தது. நான் இழுத்ததெல்லாம் பாதி வழியிலேயே நின்றிருக்கிறது.

பொன்னேரியில் புது கேபிள் வாங்கிவந்து மாட்டினேன். கட்டைகளை உப்புத்தாளால் தேய்த்தேன். பிடியை இறக்கினால் சக்கரம் கையால் சுற்ற வேண்டும், ஏற்றினால் அசையக்கூடாது. இரண்டும் சரியாக வரும்வரை நட்டைக் கொஞ்சம் முறுக்குவதும் கொஞ்சம் தளர்த்துவதுமாக இருந்தேன். மாமனார் வலையைப் பிரித்துக்கொண்டு பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி பண்ணிட்டேன் மாமா" என்றேன்.

"நிக்குதானு நான் பாக்கணும்" என்றார்.

ரோட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு இறங்கும் சரிவில் வண்டியை நிறுத்தச் சொல்லிச் சாவியைத் தந்தார். நிறுத்தி இறங்கியதும் திரும்ப வாங்கி முடிந்துகொண்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். டயருக்கும் தரைக்கும் சேர்த்து நான் சாக்பீஸில் ஒரு கோடு போட்டு வைத்தேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசல் மணலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, வண்டியின் பக்கக் கண்ணாடியை ரோட்டுக்கு அந்தப் புறம் இருந்த கரண்டு கம்பத்தோடு நேராகப் பிடித்தார். நங்கூரம் போட்ட படகு இழுபடுகிறதா என்று படகுக்காரர்கள் பார்க்கிற விதம் அதுதான். கரையில் ஒரு பனையும் அதன் பின்னால் ஒரு கோபுரமும் ஒரே கோட்டில் நின்றால் படகு நிற்கிறது, விலகினால் நகர்கிறது. வீட்டு வாசலில் நிற்கிற வேனுக்கும் அதே கணக்கா என்று அருகில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

மதியச் சாப்பாட்டைக்கூட அந்த நாற்காலியிலேயே முடித்தார். வெயில் தாழ்ந்த நேரம், "நகந்துடுச்சி" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் டயரைப் பார்த்தேன். கோடு போட்டது போட்டபடி இருந்தது.

"நகரல மாமா, கோடு அப்படியே கீது."

"கோடு இன்னா கோடு? கம்பம் அந்தாண்ட போயிட்சி, எனக்குக் கண்ணு தெரியாதா?"

இருவரும் சொன்னதையே சொல்லிக்கொண்டு நின்றோம். இதற்குமேல் எதைப் பழுதுபார்ப்பது? அவர் கோபமாக எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி ஒருபக்கமாகச் சரிந்து விழுந்தது. அதன் ஒரு பக்கக் கால்கள் பதிந்த இடத்தில் மணலில் இரண்டு ஆழமான குழிகள். பொழுதெல்லாம் உட்கார்ந்ததில் நாற்காலி மணலில் இறங்கி, அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்திருக்கிறார். மாமனார் அந்தக் குழிகளையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டி நின்னுக்கினுதான் மா கீது" என்றார். "நான் சாஞ்சிட்டேன்."

அப்படி ஒரு சிரிப்பை அந்த மனுஷனிடம் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். ஆனால் சாவியை அவர் தரவில்லை. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் காலமாகி இரண்டு மழைக்காலம் ஆகிறது. இப்போது நான் ஓட்டுவது கொஞ்சம் பெரிய வண்டி. மழை முடிந்ததும் டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிடுவேன், எங்கே நிறுத்தினாலும் கியரில் போட்டுத்தான் இறங்குவேன். துறையில் இன்றைக்குப் பல பெண்கள் வண்டி ஓட்டுகிறார்கள். அவர்களில் யாரையும் மாமனார் சோதித்துப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் அவர்கள் மேல் கொஞ்சம் பொறாமையும், அதைவிட அதிகமாக இரக்கமும் வரும்.

அன்றைக்கு, அந்தச் சோதனைக்கு மறுநாள் விடிந்ததும் மாமனார் தானாகவே போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியை நீட்டினார். துறைக்கு விடச் சொன்னார். படகுகள் வந்து சேர்கிற நேரம், குப்பமே அங்கே இருந்தது. அதே சரிவில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன், கியரில் போட்டேன், பிரேக்கை இழுத்தேன். அவரும் இறங்குவார் என்று காத்திருந்தேன்.

"நீ போய் கூடய எடுத்துக்கினு வா" என்றார். "நான் உக்காந்துனு கீறேன்."

டீக்கடைப் பக்கமிருந்து யாரோ எதையோ கேட்டார்கள், அவர் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். நான் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவருக்கு மரியாதையில்லை என்று பட்டது. நண்டை எடுத்து, எடை போட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மாமனார் கதவில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.